முன்வரிசைக்காரர்

எனக்கு எண்பத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஆறும் இன்று சொந்தக் காலில் நிற்கின்றன. படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக் கூட்டி, விரல் வைத்து வாசிப்பேன். எழுத என்றால் பேத்தி வேண்டும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள். எழுத்து அவளுடையது, சொல் என்னுடையது. சொல்லில் கை வைக்கக் கூடாது என்று முதலே சொல்லிவிட்டேன்.

ஆங்கிலம் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. நோர்வே மொழியில் நன்றி, பால், நாளைக்கு, முதுகு நோகிறது. இவ்வளவு போதும் என்று இருந்துவிட்டேன். ஆனால் இங்கிலாந்துப் பாட்டுக்காரர் நாலு பேரை எனக்குத் தெரியும். அவர்களுடைய பாட்டில் எந்த இடத்தில் மேளம் நிற்கும், எந்த இடத்தில் கிற்றார் தும்முகிற மாதிரி வரும் என்று கேட்டால் சொல்லுவேன். ஒஸ்லோவில் சேலை கட்டின என் வயதுக்காரிகளில் வேறு யாருக்காவது தெரியுமா? தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அவர்களை எனக்குக் காட்டியவர், ஒஸ்லோவில் அம்மருட் என்ற பக்கத்தில் எங்களுக்கு மேல் மாடியில் இருந்தார். பஸ் ஓட்டினவர். தனி ஆள். இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் இளைய மகளோடு இருந்த காலம். அவருடைய பெயரை இங்கே போடவில்லை. போட்டால், "என்ரை பேர் என்னத்துக்கு அன்ரி, அந்தப் பொடியளின்ரை பேரைப் போடுங்கோ" என்று சொல்லக்கூடிய ஆள். அந்தப் பொடியன்களின் பெயரோ என் வாயில் சரியாக வராது. பிழையாகச் சொல்லி அவர்களைக் குறைக்கவும் நான் விரும்பவில்லை.

அவருடைய பழக்கம் ஒன்றைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. கோயில் பிரசங்கமோ, பிள்ளைகளின் பாட்டுப் போட்டியோ, லண்டனில் இருந்து யாராவது வந்து பேசுவதோ, எங்கள் ஆட்களின் கூட்டம் எதுவென்றாலும் முதல் ஆளாக அவர் நிற்பார். பஸ்காரச் சட்டையைக்கூட மாற்றியிருக்க மாட்டார். ஆறு மணி என்று அறிவித்தால் எங்கள் சனம் ஏழு மணிக்குத்தான் சப்பாத்தைத் தேடும். பேச வந்த மனிதர் கோட்டும் போட்டுக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் காத்திருப்பார். இவர் வாசலைப் பார்ப்பார், கதிரைகளைப் பார்ப்பார், கைமணிக்கூட்டு வாரை முறுக்குவார். பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் பின்வரிசைக் கதிரைகளை மடித்து மடித்துச் சுவரோரம் சாத்தத் தொடங்குவார்.

"என்ன தம்பி, சனம் வரமுன்னம் கதிரையை எடுக்கிறீர்?" என்று நான் முதல்முறை கேட்டேன்.

"வந்தாப் போடலாம் அன்ரி. வராட்டி அந்த மனிசன் வெறுங்கதிரையைப் பாத்தெல்லோ கதைக்கவேணும். தூரத்திலையிருந்து வந்த ஆள்."

சாத்திவிட்டு முன்வரிசையின் நடுவில் போய் இருப்பார். பேச்சு விளங்குகிறதோ இல்லையோ தலையை ஆட்டுவார். ஒருமுறை கர்ப்பிணிப் பெண்களுக்கு மருத்துவத் தாதி ஒருத்தி புத்தி சொல்ல வந்தாளாம். அங்கேயும் முன்வரிசையில் இவர் ஒற்றை ஆம்பிளை. பாலூட்டுவது எப்படி என்று கடைசிவரை கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தாராம். மகள் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பட்டம் 'வாடகைச் சனம்'. முகத்துக்கு நேரேயே சொல்லுவார்கள். "என்ன வாடகைச் சனம், இண்டைக்கு எவடம்?" அவர் கோபப்படுவதில்லை. "நீங்கள் வந்தா எனக்கு வேலையில்லைத்தானே" என்பார்.

எங்கள் கட்டடத்தில் கீழ் மாடியில் ஒரு நோர்வேக் கிழவர் இருந்தார். பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை, நாய்கூட இல்லை. மின்தூக்கியில் கண்டால் சுவரைப் பார்ப்பார். அவர் செத்துப் போனார் என்ற அறிவித்தல் வாசலில் ஒட்டியிருந்தது. அடுத்த நாள் என் கதவு மணி அடித்தது. இவர்தான்.

"அன்ரி, வெள்ளிக்கிழமை நேரமிருக்கோ? சனம் காணாது, நாலைஞ்சு பேராவது வேணும்."

"ஆருக்கு?"

"கீழ்வீட்டுக் கிழவருக்கு."

அந்த மனிதர் என்னோடு ஒரு நாளும் ஒரு சொல் பேசியதில்லை. போகவேண்டிய கடமை எனக்கு இல்லை. ஆனால் வாசலில் நின்று மணிக்கூட்டு வாரை முறுக்கிக்கொண்டிருக்கிற ஆளுக்கு இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. கட்டடத்தில் இருந்த எங்கள் பெண்கள் ஐந்தாறு பேர், வெள்ளைச் சேலையும் அதற்கு மேல் குளிர்ச் சட்டையுமாகத் தேவாலயத்தில் போய் இருந்தோம். பாதிரியார் எங்களைப் பார்த்தார், சவப்பெட்டியைப் பார்த்தார், தான் இடம் மாறி வந்துவிட்டேனோ என்று கையில் இருந்த கடதாசியைப் பார்த்தார். எங்களைத் தவிர வந்தது பராமரிப்பாளர் ஒருத்தியும், கடைக்காரர் ஒருவரும்.

அன்றைக்குப் பிறகு மேல்மாடிக்காரருடைய பதற்றம் எனக்கும் தொற்றிவிட்டது. இன்னொருவர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் என் கண் கதிரையைத்தான் எண்ணும். கேக் வெட்டும் நேரமாகியும் ஆட்கள் வராவிட்டால் எழும்பி வாசலைப் பார்க்கப் போய்விடுவேன். யாருடைய கேக்கோ, யாருடைய பிள்ளையோ. எனக்கென்ன?

பாட்டுக்கு வருகிறேன்.

நான் அப்போது வீட்டில் சேலைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். ஒஸ்லோவில் பாதிப் பெண்களின் தோள் அளவு எனக்குத் தெரியும். அவர் ஒரு நாள் காற்சட்டைக் கரை மடிக்கக் கொண்டுவந்தார். கையில் சின்னப் பாட்டுப் பெட்டி ஒன்று.

"அன்ரி, தைக்கேக்கை ஒண்டு போட்டுவிடட்டோ? பிடிக்காட்டிச் சொல்லுங்கோ, உடனை நிப்பாட்டுறன்."

போட்டார். போட்டுவிட்டு என் முகத்துக்கு முன்னால் இருந்துகொண்டார். அப்படி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தப் பாட்டுத்தான் காதில் ஏறும்? கண் வெட்டாமல் பார்த்தார், பள்ளிக்கூடச் சோதனை மறுமொழி பார்க்கப் போன பிள்ளை மாதிரி.

எனக்கு முதலில் அது பாட்டாகவே தெரியவில்லை. ஒருவன் கிற்றாரை ஈர்க்குமாற்றால் சீமெந்து கூட்டுகிற மாதிரி விறாண்டினான். ஒருவன் ஆர்மோனியப் பெட்டி மாதிரி எதையோ ஒற்றை விரலால் தட்டினான். பாடினவன் பாடவில்லை, கதவுக்கு வெளியே நின்று அவசரமாக ஏதோ சொன்னான். பயந்தவன் இருட்டில் வேகமாக நடக்கிற நடை அந்தப் பாட்டுக்கு. என் கால் மிசினில் இருந்தது. அது தன்பாட்டில் அந்த வேகத்துக்குப் போய்விட்டது.

திடீரென்று மேளம் நின்றது. ஒரு மூச்சு. பிறகு மறுபடி ஓடியது.

"நூல் அறுந்துபோச்சுது" என்றேன்.

அவர் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அதே மாதிரி இடத்தில் மறுபடி நின்றது. மூன்றாம் முறையும் நின்றது. நான் காலை எடுத்தேன்.

"இது அறுந்ததில்லைத் தம்பி. வேணுமெண்டு நிப்பாட்டுறான். கதவைத் தட்டிப்போட்டு, ஆரும் திறப்பினமோ எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறான்."

அந்த மனிதருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். எழுந்து நின்றுவிட்டார். "இருவது வருசமாக் கேக்கிறன் அன்ரி. இருவது வருசமா ஆக்களுக்குப் போட்டுக் காட்டுறன். ஒருத்தரும் அந்த நிப்பாட்டைப் பற்றிக் கதைச்சதில்லை" என்றார்.

அதற்குப் பிறகு மிச்சக் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், தங்கின அறையில் முன்பு இருந்த யாரோ ஒரு கசெற்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சூரியன் வராத மாதங்கள். அந்தக் கசெற்றோடு இருந்திருக்கிறார். அறையில் கூட இருந்த எங்கள் ஊர்ப் பொடியனுக்கு அது ஆகவே ஆகாது. "உந்தக் கத்தலை நிப்பாட்டு, இல்லாட்டிக் கடலிலை எறிவன்" என்று ஒவ்வொரு நாளும் சண்டை.

இங்கிலாந்தின் வடக்குப் பக்கத்து நாலு பொடியன்கள். எழுபதுகள் முடிகிற நேரம் தொடங்கினவர்கள். மூன்று இசைத்தட்டு. ஒரு பாட்டு ஒரு கோடை முழுக்க வானொலியில் போயிருக்கிறது, அவ்வளவுதான். "இவங்களுக்குப் பின்னாலை வந்தவங்கள் இவங்களைக் கேட்டுத்தான் பழகினவங்கள் அன்ரி. பேர் எடுத்தது அவங்கள். புத்தகத்திலை, ரீவியிலை எல்லாம் அவங்களின்ரை பேர்தான் வருகுது. இவங்களைப் பற்றி அரை வரி. பிழை எண்டு சொல்லேல்லை. ஆனா அரை வரி காணாது."

நான் கேட்கக் கேட்க அவர் சொன்னது சரி என்று பட்டது. அவர்கள் கெஞ்சவில்லை. கண்ணீர் வரப் பாட்டை இழுக்கவில்லை. நாலு பேரும் நாலு வேலை பார்க்கிறார்கள், ஒருவன் மற்றவனுடைய இடத்தில் கால் வைக்கவில்லை. நல்ல தையல் அப்படித்தான். உள்ளே எவ்வளவு வேலை இருக்கிறது என்று போடுகிறவளுக்குத் தெரியாது. தெரியாததாலேயே ஒருத்தியும் பாராட்டவும் மாட்டாள்.

பிரிந்துபோன அந்த நாலு பேரும் கிழடு தட்டின பிறகு மறுபடி சேர்ந்து ஊர் ஊராக வாசிக்கிறார்கள், ஒஸ்லோவுக்கும் வருகிறார்கள் என்று ஒரு ஐப்பசி மாதம் செய்தி வந்தது. சந்தோசப்படுவார் என்றுதான் நினைத்தேன். இவர் வந்து குசினிக் கதிரையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"என்ன தம்பி, நல்ல செய்திதானே?"

"ஆர் வருவினம் அன்ரி? ஆருக்கு இவங்களைத் தெரியும்? கடல் தாண்டி வந்து ஏறி நிண்டு பாக்கேக்கை மண்டபம் வெறுமையாக் கிடந்தா? வெறும் பஸ் ஓட்டி எனக்குப் பழக்கம். அவங்கள் அதைப் பாக்கக் கூடாது."

பிறகு அவர் செய்த வேலையை எங்கள் ஆள் ஒருவர்தான் செய்வார். பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டுக்குச் சொல்லுகிற மாதிரி வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மண்டபத்துக்காரனும் இல்லை, பாட்டுக்காரனுக்கு உறவும் இல்லை, ஆனால் வீட்டுக்காரர் அவர்தான் என்ற மாதிரி. "குடும்பமா வாங்கோ, ரிக்கற் என்னட்டை இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் சனம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லுமா? எல்லோரும் "ஓம், வாறம்" என்றார்கள். அந்த 'வாறம்' எப்படிப்பட்ட 'வாறம்' என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்ததால் இன்னும் பத்து வீட்டுக்குப் போனார்.

அந்த நாள் வந்தது. காலையில் கதவு மணி. திறந்தால் தோளில் பயணப் பையோடு நிற்கிறார். முகம் சாம்பல்.

"அன்ரி, பாட்ஸ்பியோர்ட்டிலை என்னோடை அறையிலை இருந்தவன் செத்துப்போனான். எல்லாரும் ஒஸ்லோவுக்கு வந்தாப் பிறகும் அங்கையே நிண்டவன். நாளைக்குக் காலமை சேர்ச் மண்டபத்திலை வைச்சிட்டு எடுக்கினமாம். இண்டைக்குப் பின்னேர விமானத்தை விட்டா வேறை இல்லை."

"கசெற்றைக் கடலிலை எறிவன் எண்டவரோ?"

"ஓம். அவனேதான். அங்கை இப்ப எங்கடை ஆக்கள் ரண்டு குடும்பம்தான். சனம் காணாது."

எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "இருவது வருசம் பாத்திருந்தீர். செத்தவருக்கு நீர் வந்ததும் தெரியாது, வராததும் தெரியாது. இவங்கள் உயிரோடை வந்து நிக்கிறாங்கள். இதை விட்டா இன்னொருக்கா வருவாங்களோ?"

வாரை முறுக்கினார். பையை ஒரு தோளில் இருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார். பிறகு சட்டைப் பையில் இருந்து ரிக்கற்றுகளை எடுத்து என் கையில் வைத்தார்.

"நான் வருவன் எண்டு அவங்களுக்கும் தெரியாதுதானே அன்ரி. ரண்டு இடத்திலையும் என்னை ஒருத்தரும் எதிர்பாக்கேல்லை. ஆனா இஞ்சை நீங்கள் இருக்கிறியள். அங்கை ஒருத்தரும் இல்லை. முன்னுக்கு நில்லுங்கோ, அது காணும்."

போய்விட்டார். மின்தூக்கிக் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

அன்று பகல் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஊசி இரண்டு தரம் முறிந்தது. கடைசியில் ரோல்ஸ் பொரித்துப் பெட்டியில் அடுக்கினேன். தூரத்தில் இருந்து வருகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது. வேலை முடிந்து வந்த மகள் பெட்டியைப் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கென்ன விசரே? அது சாமத்தியவீடில்லை. பியர் குடிக்கிற இடம்."

"குடிக்கிறவைக்குப் பசிக்காதோ? வெளிக்கிடு."

ரயில் நிலையத்தில் சொன்ன நேரத்துக்கு நின்றோம். 'வாறம்' என்றவர்களில் ஒருவரையும் காணவில்லை. ஒரு ரயிலை விட்டோம். அடுத்ததையும் விட்டோம். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து மூன்றாவது ரயிலில் ஏற்றினாள்.

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு பழைய தொழிற்சாலை, அதற்குக் கீழே மண்டபம். வாசலில் கை நிறையப் பச்சை குத்தின ஒருவன் பெட்டியைத் திறந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தான். மகள் என்ன சொன்னாளோ, சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான். உள்ளே போனதும் கதிரைகளைத் தேடினேன். அந்த மண்டபத்தில் கதிரையே இல்லை. மடிக்க ஒரு கதிரை இல்லை!

சனம் பாதிதான். அந்தப் பாதியும் என்ன செய்தது தெரியுமா? பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நோர்வேக்காரர் அப்படித்தான், பஸ்ஸிலும் பக்கத்து இருக்கையில் இருக்க மாட்டார்கள். மேடைக்கு முன்னால் பெரிய வெறும் நிலம், கழுவி விட்ட மாதிரிப் பளபள என்று கிடந்தது. இதற்குத்தான் அந்த மனிதர் பயந்தார்.

விளக்கு அணைந்தது. நாலு பேர் ஏறினார்கள். தலை வழுக்கை, வயிறு, மூக்குக் கண்ணாடி. பாடுகிறவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிக் கீழே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கதிரை பார்க்கிற பார்வை.

"பிள்ளை, வா" என்றேன்.

"எங்கை?"

"முன்னுக்கு."

"அம்மா, ஒருத்தரும் போகேல்லை. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும்."

என் வாழ்க்கையில் எத்தனையோ தூரம் நடந்திருக்கிறேன். அந்த வெறும் நிலத்தைக் கடந்த மாதிரி ஒரு நடை நடந்ததில்லை. சேலை, அதற்கு மேல் குளிர்ச் சட்டை, கையில் ரோல்ஸ் பெட்டி. முழு மண்டபத்தின் கண்ணும் என் முதுகில். போய் மேடைக்கு நேரே நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். பாடுகிறவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், எங்கள் மேல்மாடிக்காரர் ஆட்டுகிற மாதிரி.

தொடங்கினார்கள். ஈர்க்குமாறு, ஒற்றை விரல், அந்த ஓட்டம். பிறகு மேளம் நின்றது. அந்த ஒரு மூச்சில் எனக்குப் பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி வந்தாள். பிறகு இரண்டு பேர். பிறகு அந்தப் பின்சுவர் முழுக்க மெல்ல மெல்ல முன்னுக்கு நகர்ந்து வந்தது. மறுபடி மேளம் விழுந்தபோது என் தோளோடு தோளாகச் சனம். நரைத்த தலைகள். வாய்கள் எல்லாம் சொற்களைப் பாடுகின்றன. எங்கள் பஸ்காரருக்குத் தெரியாமல் அவரைப் போல இத்தனை பேர் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள்.

முடிந்த பிறகு மேளக்காரர் தன் மேளத்தைத் தானே தூக்கி வான் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெட்டியை நீட்டினேன். நின்றபடியே சாப்பிட்டார். மகளிடம் சொன்னேன்: "அந்த நிப்பாட்டை முதல் கேட்டப்ப நூல் அறுந்துபோச்செண்டு நினைச்சனான் எண்டு சொல்லு."

மகள் சொன்னாள். மனிதர் வாயில் ரோல்ஸோடு சிரித்தார். மகள் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள்: "பாட்டு வெளியிட்ட கொம்பனிக்காரனும் அப்பிடித்தான் நினைச்சவனாம். திருப்பி அடி எண்டவனாம். இவர் திருப்பியும் அதே இடத்திலை நிப்பாட்டினவராம்."

பிறகு அவர் ஏதோ கேட்டார். மகள் தயங்கினாள். "இண்டைக்குச் சனம் பரவாயில்லையோ எண்டு கேக்கிறார்."

"காணும் எண்டு சொல்லு" என்றேன். "வரவேண்டிய ஒருத்தர் செத்தவீட்டுக்குப் போயிட்டார். அவர் வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும் எண்டும் சொல்லு."

அடுத்த நாள் மத்தியானம் தொலைபேசி அடித்தது. வடக்கில் இருந்து. பின்னால் காற்று ஊதுகிற சத்தம்.

"அன்ரி, சனம் வந்ததோ?" எந்தப் பாட்டுப் பாடினார்கள் என்று கேட்கவில்லை.

"மண்டபம் பாதி" என்றேன். அவருக்குப் பொய் சொல்ல எனக்கு வராது. "ஆனா முன்பக்கம் நிறைஞ்சது தம்பி. மேடையிலை நிண்டு பாத்தா வெறுநிலம் தெரியாது."

மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"அங்கை எப்பிடி?" என்றேன்.

"மீன் வெட்டுற சனம் வேலையுடுப்போடை வந்தது அன்ரி. கதிரை மடிக்கத் தேவைப்படேல்லை."

அவர் அதற்கடுத்த வருடம் ஸ்தவாங்கர் பக்கம் வேலை மாறிப் போனார். கொஞ்சக் காலம் தொலைபேசி எடுத்தார். பிறகு இலக்கம் மாறிவிட்டது. அந்த நாலு பேரும் பிறகு ஒஸ்லோவுக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ, பக்கத்தில் யாரும் இருக்கிறார்களோ என்று எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் நினைக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை முதியோர் ஒன்றுகூடலில் பேத்தி இதை வாசிக்கப் போகிறாள். எல்லோரும் "ஓம், வாறம்" என்றிருக்கிறார்கள். கதிரை போடுகிற பொடியன்களிடம் குறைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

குஞ்சு, இனி எழுதினது காணும். முதலிலையிருந்து ஒருக்கா வாசி. பொறு, பொறு. கதிரையைக் கிட்ட இழுத்துப் போடுறன். ஓம், இப்ப முன்னுக்கு ஆள் இருக்கு. வாசி.